ஒளித்து வைக்கும் குளிசை



வலிப்பு நோய் பற்றிப் பேச எழுந்தால் எனக்குப் பெரியபுராணத்துக் கொல்லிமழவன்தான் நினைவுக்கு வருகிறான். அவன் மகளுக்கு முயலகன் என்னும் பிணி. வைத்தியங்கள் பலிக்காமல் போகவே, மகளைத் திருப்பாச்சிலாச்சிராமத்துக் கோயிலில் கொண்டுவந்து கிடத்தினான். சம்பந்தர் பதிகம் பாடப் பிணி தீர்ந்தது என்பது சேக்கிழார் வாக்கு. அந்தப் பிணி வலிப்புத்தானா என்பதை அறிஞர்கள் ஆராயட்டும். நாடாண்ட ஒரு தகப்பன் மகளின் நோயை அரண்மனைக்குள் பூட்டி வைக்கவில்லை என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது. கொழும்புக் காலி வீதித் தொடர்மாடியில் இருக்கும் நம் தகப்பனாரோ மகளின் வலிப்பு அடுத்த வீட்டுக்கும் தெரியாமல் பார்த்துக்கொள்கிறார்.

அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. கல்யாணப் பேச்சு என்ற ஒன்று இருக்கிறதே! இந்தியாவின் இந்துத் திருமணச் சட்டமே அடிக்கடி வரும் வலிப்பைச் சித்தப்பிரமையோடு சேர்த்துத் திருமணத்துக்குத் தடையாக வைத்திருந்தது. 1999ஆம் ஆண்டுதான் வலிப்பு என்ற சொல்லை நீக்கினார்கள். சட்டம் மாறினாலும் தரகரின் கேள்வி மாறவில்லை.

மறைத்துச் செய்த கல்யாணத்தில் என்ன நடக்கிறது? புதுப்பெண் குளிசைகளை விற்றமின் போத்தலுக்குள் மாற்றிக் கைப்பையின் அடியில் வைத்திருப்பாள். மாமியார் குசினியில் நிற்கிறார் என்று இரவுக் குளிசை தவறும். விருந்துக்குப் போன வீட்டில் மறுநாளும் தவறும். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு முன்னிலும் கடுமையாகத் திரும்பலாம். ஓயாமல் தொடர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். இன்னொன்றும் உண்டு. சோடியம் வல்புரோவேட் என்ற மருந்து வயிற்றில் வளரும் பிள்ளையைப் பாதிக்கக்கூடியது. பிள்ளை பெற நினைக்கும் பெண் அதற்கு முன்பே வைத்தியரோடு பேசித் தனக்கேற்ற மருந்துக்கு மாறவேண்டும். கணவனுக்கே தெரியாத குளிசையைப் பற்றி அவள் யாரிடம் போய்க் கேட்பாள்?

இத்தனைக்கும் இது மருந்தில்லாத வருத்தம் அல்ல. உலகில் ஏறத்தாழ 5 கோடிப் பேருக்கு வலிப்பு நோய் இருக்கிறது. சரியான சிகிச்சை கிடைத்தால் அவர்களில் 70 சதவீதம் வரையானோர் வலிப்பே வராமல் வாழலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பீனோபார்பிட்டோன் 1912 முதல் பாவனையில் உள்ள மலிவான குளிசை. களுபோவில வைத்தியசாலையும் தெஹிவளையிலிருந்து அதிக தூரமில்லை. ஆனால் கிளினிக்கில் வேற்று மொழியில் சொன்னது முழுதாக விளங்காமல், திரும்பக் கேட்கவும் கூச்சப்பட்டு, மருந்துத் துண்டை மட்டும் வாங்கிக்கொண்டு வீடு வரும் தமிழ்த் தாய்மார் நம்மிடையே பலர். தங்கு தடையில்லாத தமிழ் விளக்கமும் சிகிச்சையின் பகுதி என்றே நான் கருதுகிறேன்.

வீதிக்கு வருவோம். பஸ் தரிப்பிடத்தில் ஒருவர் விழுந்து துடித்தால் உடனே கூட்டம் கூடிவிடும். ஒருவர் சாவிக்கொத்தைக் கையில் திணிப்பார், ஒருவர் பல்லுக்கிடையில் கரண்டியை நுழைப்பார், இன்னொருவர் கைகால்களை அமுக்கிப் பிடிப்பார். எல்லாம் நல்ல மனத்தோடுதான். இரும்பு வலிப்பை நிறுத்தாது. கரண்டி பல்லைத்தான் உடைக்கும். தலைக்குக் கீழே மென்மையான எதையாவது வைத்து, கழுத்துப் பொத்தானைத் தளர்த்தி, துடிப்பு அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மணிக்கூட்டைப் பாருங்கள். 5 நிமிடம் தாண்டினாலோ, தெளியுமுன் மறுபடி வந்தாலோ 1990 இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். முழுதாகத் தெளியும்வரை சோடாவும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம்.

பள்ளிக்கூடத்து நிலைமை வேறு. பாடத்தின் நடுவே சில கணம் வெறித்துப் பார்த்து, கூப்பிட்டால் திரும்பாத பிள்ளையைக் ‘கனவு காண்கிறாள்’ என்று ஏசுகிறோம். அதுவும் வலிப்பின் ஒரு வகையாக இருக்கலாம்.

இந்த அரங்கில் இன்று கட்டுரை படிப்போர் நரம்பியல் நுட்பங்களை விரிவாகவே சொல்வார்கள், சொல்லவும் வேண்டும். தலைவர் என்ற உரிமையில் ஒன்று கேட்கிறேன். மாலை அமர்வு முடியுமுன் முதலுதவியையும் குளிசை ஒழுங்கையும் ஒரே பக்கத்தில், பாட்டிக்கும் விளங்கும் தமிழில் எழுதி முடியுங்கள். வெள்ளவத்தை, தெஹிவளை, கொட்டாஞ்சேனைப் பாடசாலை அதிபர்களின் கையில் அது இந்த மாதமே போய்ச் சேரவேண்டும்.