வவுச்சர் இல்லாத பற்று

(கட்டுரைப் பயிற்சிக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

தோழர்களே, நான் கவிதை எழுதுகிற ஆள். வயிற்றுப்பாட்டுக்கு வங்கியில் கிளார்க். நீங்கள் கொடுத்த கட்டுரைகளை ராத்திரி உட்கார்ந்து படித்தேன். தொடக்கம் நெருப்பு, முடிவும் நெருப்பு. நடுவில் வெறும் புகை.

நானும் அப்படி எழுதினவன்தான். பி.ஏ. முடிச்ச வருஷம் எங்க சேரிக்குச் சுடுகாட்டுப் பாதை கேட்டு மனு எழுதினேன். பாதை, குடிதண்ணி, டீக்கடைத் தனி கிளாஸ், கூலி எல்லாம் ஒரே பத்தியில். இரண்டாயிரம் ஆண்டு அடிமைத்தனம் வேறு. 'குறிப்பான கோரிக்கை இல்லை' என்று ஒரே வரியில் மூடிவிட்டார்கள். எழுதப் படிக்கத் தெரியாத எங்க அப்பா கேட்டார்: "ஏன்டா, போன ஐப்பசில அப்பாயிய இடுப்புத் தண்ணியில தூக்கிட்டுப் போனமே, அத எழுதுனியா?"

எழுதவில்லை.

மறுபடி எழுதினேன். பாதை மட்டும். எந்த மாசம், எந்த வயல், எத்தனை பேர் தூக்கினோம், தண்ணி எதுவரை, அந்த வயல் வழியே போகவிடாமல் மறித்தது எப்போது. ஆள் வந்து அளந்தார்கள். பாதை வர இன்னும் நாலு சாவு ஆச்சு, அது வேறு கதை.

அம்பேத்கரின் 'சாதி ஒழிப்பு' எல்லாருக்கும் தெரியும். லாகூர் ஜாத்-பாத் தோடக் மண்டல் கூப்பிட்டு, உரையைப் படித்ததும் மாநாட்டையே கைவிட்டது. 1936இல் அவரே அச்சிட்டார். அதைக் கோபத்துக்காக மட்டும் படிக்காதீர்கள். பத்தி பத்தியாகப் பிரித்துப் பாருங்கள். சாதி என்பது வேலைப் பிரிவினைதானே என்கிற எதிராளியின் வாதத்தை முதலில் அவரே முழுசாக எடுத்து வைக்கிறார். நாகரிகச் சமூகத்துக்கு வேலைப் பிரிவினை வேண்டும் என்று ஒத்துக்கொள்ளவும் செய்கிறார். பிறகுதான் கத்தி: இங்கே பிரிந்து கிடப்பது வேலை மட்டுமில்லை, வேலை செய்கிற மனுஷர்கள். அடுத்து, அந்தப் பிரிவுகள் மேல்கீழாக அடுக்கப்பட்டிருக்கின்றன. அடுத்து, திறமை பார்த்து அமைந்ததில்லை, பெற்றோரின் அந்தஸ்தைப் பார்த்து அமைந்தது. அப்புறம், தொழில் மாற விடாததால் வேலையின்மை. ஒவ்வொரு படியும் முந்தின படிமேல்தான் நிற்கிறது. ஒன்றை உருவினால் மேலே உள்ளது சரியும்.

சான்று தருவதையும் பாருங்கள். இந்தூர் மாவட்டத்துப் பலாய் மக்கள் சரிகைத் தலைப்பாகை கட்டக்கூடாது, பெண்கள் தங்கம் வெள்ளி போடக்கூடாது என்று விதித்ததை, 1928 ஜனவரி 4 டைம்ஸ் ஆஃப் இந்தியா என்று பத்திரிகையும் தேதியும் சொல்லி வைக்கிறார். வைத்துவிட்டு நகர்ந்துவிடுவதில்லை. இப்படி நடத்துகிற நீங்கள் அரசியல் அதிகாரத்துக்குத் தகுதியானவர்களா என்று திருப்பிக் கேட்கிறார். நம்ம ஆட்கள் சறுக்குவது அங்கேதான். கொடுமையைச் சொல்லிவிட்டு, அதனால் என்ன என்பதைச் சொல்லாமல் அடுத்த கொடுமைக்குத் தாவிவிடுகிறோம்.

வங்கியில் வவுச்சர் இல்லாமல் பற்று எழுத முடியாது. தணிக்கைக்காரர் அதைத்தான் தேடுவார். நம்மைப் படிக்கிற சாதி இந்துவும் தணிக்கைக்காரர்தான், அதுவும் நம்ம பேரேட்டை மட்டும் இரண்டு தடவை புரட்டுகிறவர். அநியாயம்தான். ஆனாலும் வவுச்சரை வைப்போம்.

கட்டில் மேலாக இருக்கிற கட்டுரை பஞ்சமி நிலம் பற்றியது. '1892இல் வழங்கிய நிலங்கள் எல்லாம் பறிபோயின' என்று ஒரு பத்தி. எந்த ஊர்? எத்தனை ஏக்கர்? இன்று பட்டா யார் பேரில்? எழுதின தம்பி இங்கேதான் இருக்கிறார். சாப்பிட்டு வந்ததும் அந்தப் பத்தியிலிருந்து ஆரம்பிப்போம்.