அப்புண்ணியின் கனவும் மட்டாஞ்சேரியின் பாடமும்

(மட்டாஞ்சேரியில் நடைபெற்ற வாசகர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



எம்.டி. வாசுதேவன் நாயரின் ‘நாலுகெட்டு’ நாவல் 1958இல் வெளிவந்தது. தறவாட்டின் விருப்பத்தை மீறி மணந்தவளின் மகன் அப்புண்ணி. தந்தை நஞ்சூட்டிக் கொல்லப்பட்டார் என்பது ஊர்ப்பேச்சு. தாய்மாமனால் தறவாட்டிலிருந்து விரட்டப்பட்ட அச்சிறுவன், பெரியவனாகிப் பழிதீர்க்கக் கனவு காண்கிறான். வயநாட்டுத் தோட்டத்தில் வேலைபார்த்துப் பொருள் சேர்த்து, அதே வீட்டை விலைக்கு வாங்குகிறான்.

அவ்வேலைக்கு வழிகாட்டியவர் யார்? தந்தையைக் கொன்றவர் என அவன் வெறுத்த செய்தாலிக்குட்டி! உறவு தள்ளியவனைப் பகைவர் எனப்பட்டவரே தாங்கினார். மத வெறுப்பை விதைப்போர் படிக்க வேண்டிய பக்கங்கள் அவை.

வென்றவனுக்கு அவ்வீட்டில் இருளே மிஞ்சியது. இதை இடித்துவிட்டு, காற்றும் வெளிச்சமும் புகும் சிறுவீடு கட்டவேண்டும் என்கிறான்.

தனியொருவன் ஒரு வீட்டை இடிக்கலாம். ஒரு முறையை இடிக்க முடியுமா? அதற்கான விடை இந்த மண்ணில் இருக்கிறது. கொச்சித் துறைமுகத்தில் அன்று, வேலை தேடிவந்தோர் கூட்டத்தின்மீது ‘சாப்பா’ எனும் வில்லைகளை வீசுவார்கள். முண்டியடித்துப் பொறுக்கியவனுக்கே அன்றைய கூலி. மற்றவன் வீட்டில் பட்டினி. அக்கொடுமையை எதிர்த்துத் தொழிலாளர்கள் ஒன்றுபட்டனர். 1953 செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் துப்பாக்கிகள் வெடித்தன. அப்போராட்டத்தில் சைது, சைதலவி, அந்தோணி ஆகிய தோழர்கள் உயிர் ஈந்தனர்.

இன்று கைப்பேசியில் வரும் அழைப்புக்காகச் சகதொழிலாளியை முந்தி ஓடும் இளைஞன் கையிலிருப்பதும் சாப்பாதான். இளைஞர்களே, உயர நினைப்பது குற்றமன்று. அடுத்தவனை முந்தியா, அவனோடு சேர்ந்தா என்பதே கேள்வி. ‘நாலுகெட்டு’ நாவலைப் படியுங்கள்; பிறகு இத்தெருக்களில் நடந்து பாருங்கள்.