வானத்திலிருந்து விழுந்த கூழா?



ஸ்காட்லாந்து மலைச்சரிவுகளில் குளிர்காலக் காலையில் நடப்பவர்கள், சில நேரம் புல்மேல் ஒரு கை அளவுக்குக் கூழைப் பார்ப்பார்கள். நிறமில்லை, மணமில்லை. தொட்டால் வழுக்கும். நட்சத்திரம் எரிந்து விழுந்த மிச்சம் என்றே பல நூற்றாண்டுகளாக நம்பினார்கள். அதனால் பெயரும் 'நட்சத்திரக் கூழ்'.

18ஆம் நூற்றாண்டில் தாமஸ் பென்னன்ட் என்ற இயற்கை ஆய்வாளர், இது பறவையோ விலங்கோ கக்கியது என்றார். பெரும்பாலும் அவர் சொன்னதுதான் சரி. பெண் தவளையின் கருக்குழாயில், முட்டைகளைப் போர்த்துவதற்கென்று ஒரு பசைப்பொருள் சுருங்கிக் காத்திருக்கும். ஈரம் பட்டால் பல மடங்கு உப்பிவிடும். தவளையைத் தின்ற நாரையோ பருந்தோ அந்தப் பகுதியைக் கக்கிவிடுகிறது. மிச்சத்தைப் பனி பார்த்துக்கொள்ளும். எவ்வளவு அழகான கணக்கு பாருங்கள்!

2015இல் பி.பி.சி. நிகழ்ச்சி ஒன்றுக்காக லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் இப்படியொரு கூழின் மரபணுவைச் சோதித்தது. தவளை என்று தெரிந்தது. கூடவே மேக்பை என்ற காக்கை இனப் பறவையின் தடயமும் இருந்தது.

ஆனால் எல்லாக் கூழும் தவளை அல்ல. பச்சையும் பழுப்புமாக, மடிப்பு மடிப்பாகக் கட்டாந்தரையில் கிடந்தால் அது நாஸ்டாக் என்ற நீலப்பச்சைப்பாசி. வெயிலில் கறுத்த பொருக்காகச் சுருங்கிக் கண்ணிலேயே படாது. ஒரு மழை பெய்தால் மறுபடி உப்பி எழும்.