ஆசாரியிடம் செய்யும் மோதிரம்

செட்டிநாட்டு ஆத்தங்குடி என்றதும் கண்ணாடியின் மேல் வண்ணக் கலவை ஊற்றிக் கையாலேயே செய்யும் தரைக்கற்கள் நினைவுக்கு வரும். அந்தச் செட்டிநாட்டின் இன்னொரு அருமையான கைவேலை, நகரத்தார் சமூகத் திருமணத்தில் மணமகள் அணியும் கழுத்திரு. பல உருப்படிகளைத் தனித்தனியே செய்து கோத்தெடுக்கும் தங்க நகை அது.

இப்படிப்பட்ட நகைகளைப் பொற்கொல்லரான ஆசாரியிடம் நேரில் சொல்லிச் செய்விக்கும் வழக்கம் நிச்சயதார்த்த மோதிரத்துக்கும் நல்லது. விரல் அளவு, வடிவம், கல் எல்லாம் உங்கள் விருப்பப்படி அமையும்.

வேலை தொடங்கும் முன்பே தங்கத்தின் எடை, தரம், கல்லின் எடை, சேதாரம், கூலி ஐந்தையும் தனித்தனியே எழுதி வாங்குங்கள். 22 காரட் என்றால் ஆயிரத்தில் 916 பங்கு தங்கம். 18 காரட் என்றால் 750 பங்கு. கல்லை இறுகப் பிடிக்க 18 காரட் உறுதியானது. பாட்டியின் பழைய நகையை உருக்கக் கொடுத்தால், உருக்குவதற்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். மோதிரம் கைக்கு வந்ததும் ஹால்மார்க் மையத்தில் கட்டணம் கட்டித் தரத்தைச் சோதித்துக்கொள்ளலாம்.

தரத்தில் கண்டிப்பாக இருங்கள். கூலியில் தாராளமாக இருங்கள். நியாயமான கூலி கிடைத்தால்தான் ஆசாரியின் பிள்ளையும் பட்டறையில் உட்காருவார்.