பேர் சொன்னால் திரும்பாத பிள்ளை



ஒன்றரை வயசாகியும் பிள்ளை பேர் சொன்னால் திரும்பவில்லையா? முகம் பார்க்கவில்லையா? விரல் நீட்டிக் காட்டவில்லையா? ஆட்டிசமாக இருக்கலாம். அது மூளை வளரும் விதத்தில் உள்ள வேறுபாடு, பெற்றவளின் குற்றமல்ல.

சென்னை ஐ.ஐ.டி. மூளை மையம் 2024-இல் கருச்சிசு மூளையின் 5,132 சீவல்களைப் படங்களாக வெளியிட்டது. இத்தகைய படங்களை ஆராயச் செயற்கை நுண்ணறிவுக் கம்ப்யூட்டர்களும் உதவுகின்றன. நாளைக்குக் காரணம் புரிய இது வழிகாட்டலாம்.

ஆனால் இன்றைக்கு எந்த ஸ்கேனும் ஆட்டிசத்தைச் சொல்லிவிடாது. டாக்டர் பிள்ளையோடு பழகிப் பார்த்துத்தான் சொல்வார், காதையும் சோதிப்பார்.

"தானாச் சரியாயிடும்"னு காத்திருக்காதீங்க. அங்கன்வாடிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் காட்டுங்கள். தேவையானால் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்புவார்கள், கட்டணமில்லை. சீக்கிரம் பயிற்சி தொடங்கினால் பேச்சும் பழக்கமும் மேம்படும். புருஷன் பெண்டாட்டி இருவரும் சேர்ந்தே வாங்க!