சாலையோரச் சமரசம்

மோட்டார் சைக்கிளில் சென்றவரைக் கார் மோதித் தள்ள, கூட்டம் கூட, கார்க்காரர் இரண்டாயிரம் ரூபாயை நீட்டிச் சமரசம் பேசுகையில், வலி இன்னும் உறைக்காத அந்த க்ஷணத்தில் தலையசைத்துவிடுவது நம்மவர் சுபாவம். எலும்பு முறிந்த சங்கதி மாலையில்தான் தெரியவரும். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயமாதலின், தவறு காரோட்டியுடையதாயின், நஷ்டஈட்டை அக்காரின் காப்பீட்டு நிறுவனத்திடமே கோரலாம். நம் வண்டிக்கு நாம் எடுத்த மூன்றாம் நபர் பாலிசியோ நம் காயத்துக்கு உதவாது என்பதைப் பலர் ஆஸ்பத்திரிக் கட்டிலில்தான் அறிகிறார்கள். ஆகவே கார் எண்ணைக் குறித்துக்கொண்டு, போலீசில் புகார் பதிந்து, மருத்துவச் சீட்டுகளைப் பத்திரப்படுத்தி, சட்டம் குறிக்கும் 6 மாதத்துக்குள் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுச்செய்தல் அவசியம். கோயம்புத்தூரில் அடிபட்ட திருநெல்வேலிக்காரர், அலையாமல், திருநெல்வேலியிலேயே மனுச்செய்யலாம்.