வண்டி கராஜில், தவணை வாசலில்
(தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஈ.பி.எப். காசைப் போட்டு, மிச்சத்துக்கு லீசிங் எடுத்து, மகனுக்குப் பிக்கப் வாங்கிக் கொடுத்த குடும்பங்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கின்றன. புது வண்டி மூன்று வாரம் கராஜில் நின்றால் மரக்கறி ஓட்டம் நின்றுவிடும், தவணை நிற்காது. வொரண்டி கொடுத்தது விற்ற கம்பனி, தவணை கேட்பது லீசிங் கம்பனி. கட்டி முடியும்வரை வண்டிக்குச் சொந்தக்காரரும் அவர்கள்தான்.

"மலை ரோட்டில் ஓடினால் அப்படித்தான்" என்று சொல்லி அனுப்புகிறார்கள். கிளச் தட்டு, பிரேக் லைனிங் போன்ற தேயும் சாமான்களுக்குப் பொதுவாக வொரண்டி கிடையாது, உண்மைதான். அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றினாலும் கை விரிப்பார்கள். ஆனால் இரண்டாம் மாதமே கியர்பெட்டி சத்தம் போட்டால் அதற்கு மலையா பொறுப்பு? நுவரெலியாவில் விற்கும்போது இங்கே மலை இருப்பது தெரியாதா?

ஒவ்வொரு முறையும் ஜொப் கார்ட் பிரதி கேளுங்கள். திகதி, ஓடிய கிலோமீட்டர், நீங்கள் சொன்ன கோளாறு மூன்றும் அதில் இருக்க வேண்டும். "கோளாறு இல்லை" என்றால் அதையும் எழுதித் தரச் சொல்லுங்கள். விளங்காத பாஷையில் இருந்தால் கையொப்பம் போடாதீர்கள்.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, கொடுத்த வொரண்டிக்கு மாறாக விற்றால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம் எழுத்தில் முறையிடலாம். வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். "இன்னும் ஒருதரம் பார்ப்போம்" என்று அவர்கள் இழுக்கும்போது நமக்கு நாள் போகிறது. தொலைபேசி 1977.

ஞாயிறு காலை பற்றுச்சீட்டு, சேர்விஸ் புத்தகம் எல்லாவற்றோடும் பாடசாலைக்கு வாருங்கள். தமிழிலேயே எழுதுவோம்.